ஓசூரிலும் வெயில் சுடும்: கோடையில் வீட்டையும் உடலையும் காப்பது எப்படி?

ஓசூர் குளிர்ந்த ஊர் என்னும் பெயர் நெடுங்காலமாக நிலைத்துள்ளது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் நம் ஊர் அமைந்திருப்பதே அதற்குக் காரணம். அருகிலுள்ள தளியைக் 'குட்டி இங்கிலாந்து' என்றே அழைப்பார்கள். ஆனால், கோடைக்காலத்தில் இந்தப் பெயரே நமக்கு இடையூறாகிவிடுகிறது. "நம் ஊர் வெயில் யாரை என்ன செய்துவிடும்?" என்ற எண்ணத்தினால், வெப்பத்தால் ஏற்படும் தளர்ச்சியைச் சாதாரணக் களைப்பு என்றே பலரும் கருதிவிடுகிறார்கள். மருத்துவமனைக்கு வருவதும் தாமதமாகிறது.

உண்மை நிலை வேறு. 2024 ஏப்ரல் மாத இறுதியில், நமக்கு 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரிலேயே வெப்பநிலை 38 டிகிரி செல்சியஸைக் கடந்தது. சூளகிரியைத் தாண்டிக் கீழே இறங்கினால் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை ஆகிய பகுதிகளில் வெயில் இன்னும் கடுமை. அந்த ஆண்டின் அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. சமவெளிப் பகுதிகளில் வெப்பநிலை 40 டிகிரியை எட்டிய பிறகே இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலை குறித்துக் கணக்கில் கொள்ளும். ஆனால் இதயநோயாளி ஒருவருக்கோ, எழுபது வயதைக் கடந்தவருக்கோ 36, 37 டிகிரியும் தொல்லை தரக்கூடியதே. எனவே, அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

குளிர்ந்த ஊர் தந்த பாடம்

2021 ஜூன் இறுதியில் கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தை வெப்ப அலை தாக்கியது. மிதமான தட்பவெப்பத்துக்குப் பழகிய மாநிலம் அது. ஒரு வாரத்துக்குள் அங்கு 619 பேர் வெப்பத்தால் உயிரிழந்தனர். மாநில அரசின் விசாரணை கண்டறிந்த செய்தி நாம் அனைவரும் மனத்தில் கொள்ளத்தக்கது: இறந்தவர்களில் 98 விழுக்காட்டினர் வெயிலில் நின்றவர்கள் அல்லர், கட்டடத்துக்குள் இருந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் தனியாக வாழ்ந்தவர்கள்.

வெயிலில் அலையாதீர்கள் என்று நாம் அனைவரும் சொல்கிறோம். அது சரியே. ஆனால் வீட்டுக்குள் இருப்பதனால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. அந்த வீடு எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதே கேள்வி. இதை அறிய ஓர் எளிய வழி, குறைந்த விலையில் கிடைக்கும் அறை வெப்பமானி ஒன்றை நோயாளியின் படுக்கை அருகே மாட்டி வைப்பது. அறை வெப்பநிலையைப் பகலில் 32 டிகிரிக்குக் கீழும், இரவில் 24 டிகிரிக்குக் கீழும் வைத்துக்கொள்ள முயலுமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. குழந்தைகள், 60 வயதைக் கடந்தவர்கள், நாள்பட்ட நோயுடையவர்கள் இருக்கும் வீட்டில் இது மிகவும் முக்கியம்.

உடல் எவ்வாறு தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது?

உடல் வெப்பத்தை வெளியேற்ற இரண்டு வழிகளை நம்பியிருக்கிறது. முதலாவது, தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்பி, வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்துவது. இரண்டாவது, வியர்வை. தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி. அறை அதைவிடச் சூடாகிவிட்டால் முதல் வழி அடைபட்டுவிடுகிறது. வியர்வை உலர்வது ஒன்றே எஞ்சுகிறது. தோலுக்கு இரத்தத்தை அனுப்ப இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பதால் இதயநோயாளிகளுக்குச் சுமை கூடுகிறது. முதியவர்களுக்கு வியர்வை குறைவாகச் சுரக்கும். தாக உணர்வும் மந்தமாக இருக்கும். "எனக்குத் தாகமே இல்லை" என்று பாட்டி சொல்வது, அவர் உடலில் நீர் போதிய அளவு இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

புதிய வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். ஆகவே கோடையின் தொடக்க நாள்களிலும், ஓசூரிலிருந்து கீழேயுள்ள ஊர்களுக்குத் திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ செல்லும் நாள்களிலும் கூடுதல் கவனம் வேண்டும்.

பகலில் அடையுங்கள், இரவில் திறவுங்கள்

நம் பகுதியின் உயரம் நமக்கு அளித்துள்ள கொடை, இரவுக் காற்று. பகல் எவ்வளவு சுட்டாலும் பொழுது சாய்ந்த சில மணி நேரத்தில் வெளியே காற்று குளிரத் தொடங்கும். ஆனால் பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் கூரையும் மேற்குச் சுவரும் அதே நேரத்தில்தான் வெப்பத்தை அறைக்குள் வெளிவிடத் தொடங்குகின்றன. கொசுவுக்காகவும் பாதுகாப்புக்காகவும் நாம் மாலை 6 மணிக்கே சன்னல்களை அடைத்துவிடுகிறோம். விளைவாக, வெளியே இதமான காற்றும் உள்ளே புழுக்கமுமாக இரவு கழிகிறது.

எனவே முறையை மாற்றிக்கொள்ளுங்கள். காலை 8 அல்லது 9 மணியளவில், வெளிக்காற்று அறையைவிடச் சூடாகத் தொடங்கும்போது சன்னல்களை அடைத்துத் திரையிடுங்கள். கிழக்குச் சன்னலைக் காலையிலும் மேற்குச் சன்னலைப் பிற்பகலிலும் மறைப்பது இன்றியமையாதது. சன்னலுக்கு வெளிப்புறம் தொங்கவிடும் மூங்கில் தட்டியோ சாக்குத்துணியோ, உட்புறத் திரையைவிட நன்கு பயன் தரும்; வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே தடுக்கப்படுகிறது. மாலையில் வெளிக்காற்று குளிர்ந்ததும், எதிரெதிரேயுள்ள சன்னல்களையும் கதவுகளையும் திறந்து காற்று குறுக்கே ஓட வழி செய்யுங்கள். கொசுவலை அடித்த சன்னல் ஒன்றாவது நோயாளியின் அறையில் இருக்கட்டும்.

மொட்டை மாடியில் வெண்சுண்ணாம்பு பூசினால் வெயில் திருப்பியனுப்பப்பட்டு அறையின் வெப்பம் சில டிகிரி குறையும். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள நாள்களில் மாடியில் நீர் ஊற்றுவதைவிட இதுவே சிக்கனமானது. தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரையுள்ள வீடுகளில், நம் வட்டார மலர்ப் பண்ணைகளில் பயன்படும் பச்சை நிழல்வலையைக் கூரைக்கு மேலே ஓர் அடி இடைவெளி விட்டுக் கட்டலாம். கூரைக்கும் வலைக்கும் இடையே காற்று ஓட வேண்டும் என்பதற்காகவே இந்த இடைவெளி. ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளைத் துளையிடவோ உடைக்கவோ வேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்குத் தீங்கானது.

மின்விசிறியும் ஏர் கூலரும்

மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை உலர்த்துகிறது. அறை 40 டிகிரியை நெருங்கும்போது, குறிப்பாகக் குறைவாக வியர்க்கும் முதியவர்களுக்கு, அது சூடான காற்றையே உடல்மீது வீசும். அப்போது கைகளையும் கழுத்தையும் ஈரத்துணியால் அடிக்கடி துடைத்துவிட்டு விசிறியின் கீழ் இருக்கச் செய்யுங்கள். வியர்வை செய்ய வேண்டிய வேலையை அந்த ஈரம் செய்யும். பாதங்களைக் குளிர்ந்த நீர் நிறைந்த வாளியில் வைத்திருப்பதும் நலம். மின்தடை நேரத்தில் ஈரத்துணியும் கைவிசிறியும் போதும்.

ஏர் கூலர், நம் பகுதியின் வறண்ட கோடைக்கு ஏற்றது. ஆனால் அதை இயக்கும்போது சன்னல் ஒன்றைத் திறந்து வைக்க வேண்டும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் அறையில் ஈரப்பதம் மிகுந்து வியர்வை உலராது, புழுக்கமே கூடும். அதன் தொட்டி நீரை அடிக்கடி மாற்றித் தூய்மை செய்யுங்கள். தேங்கிய நீரில் டெங்குக் கொசு வளரும்.

இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குவோர்

சிப்காட் தொழிற்பேட்டைகளைச் சார்ந்து வாழும் நம் ஊரில், இரவுப் பணி முடித்துக் காலையில் வீடு திரும்புவோர் ஏராளம். தகரக் கூரையிட்ட லைன் வீட்டில், ஒரே சன்னல் உள்ள அறையில், நண்பகலில் உறங்குவதென்பது வீட்டின் மிகச் சூடான நேரத்தில், தாகத்தை உணராத நிலையில் படுத்திருப்பதாகும். வேலையின்போது வியர்த்த உடலில் ஏற்கெனவே நீர் குறைந்திருக்கும்.

இவர்கள் உறங்கும் முன் குளித்து, நீரோ மோரோ அருந்திவிட்டுப் படுப்பது நல்லது. கூரைக்கு நேர் கீழே கட்டிலில் படுப்பதைவிடத் தரையில் படுப்பது சற்றுக் குளிர்ச்சி தரும். மேல்தளத்தில் குடியிருப்போர், இயலுமானால் நண்பகல் உறக்கத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மது அருந்திவிட்டு உறங்குவது இந்நாள்களில் பெரும் ஆபத்து. அது உடலின் நீரை வெளியேற்றுவதோடு, தொல்லை தெரியாமலும் செய்துவிடும். உடன் தங்கியிருப்பவர்கள் நண்பகலில் ஒருமுறை எழுப்பித் தண்ணீர் கொடுப்பது சிறு உதவிதான். ஆனால் உயிர் காக்கக்கூடியது.

எவ்வளவு நீர் அருந்தலாம்?

உடல்நலமுள்ளவர்கள் தாகத்துக்குக் காத்திராமல் அவ்வப்போது நீர் அருந்த வேண்டும். சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் போதிய நீர் உள்ளது என்று கொள்ளலாம். நீர்மோர், கேழ்வரகுக் கூழ், வெள்ளரி ஆகியவை நம் முன்னோர் கண்ட நல்ல உணவுகள்.

ஆனால் "நிறைய தண்ணீர் குடியுங்கள்" என்னும் அறிவுரை அனைவருக்கும் பொருந்தாது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் மருத்துவர் வரையறுத்த அளவைத் தாமாக மீறக் கூடாது. கோடைக்கு அந்த அளவை மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இளநீரிலும் பழச்சாறுகளிலும் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரக நோயாளிகளுக்கு அது இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும். உப்பிட்ட மோரும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் உயர் இரத்த அழுத்தம் உடையவர்களுக்கு மருத்துவர் ஆலோசனைக்கு உரியவை. நம் மாவட்டத்தின் மாம்பழப் பருவமும் இதே காலத்தில்தான் வருகிறது. சர்க்கரை நோயாளிகள் ஒரு துண்டோடு மனநிறைவு கொள்வதும், மாம்பழச் சாற்றைத் தவிர்ப்பதும் நன்று.

மருந்துகளைக் கவனியுங்கள்

சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள், சில இரத்த அழுத்த மருந்துகள், மனநலத்துக்கான சில மருந்துகள் ஆகியவை வெப்பத்தைத் தாங்கும் உடலின் திறனைக் குறைக்கலாம். இவற்றைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் ஏற்பட்டால் மருந்துச் சீட்டுடன் மருத்துவரைப் பாருங்கள். அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

இன்சுலின் வெப்பத்தில் வீரியம் இழக்கும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில், பெரிய மண்பானையில் ஈரமணல் பரப்பி, அதனுள் சிறு மண்கலயம் வைத்து, ஈரம் புகாத உறையில் இன்சுலினை இட்டு ஈரத்துணியால் மூடி வைக்கலாம். பெட்டி உள்ளவர்கள் உறைபனி அறையில் வைக்க வேண்டாம். உறைந்த இன்சுலின் பயன்படாது. வண்டியின் பெட்டியிலோ, வெயில்படும் பையிலோ மருந்தை விட்டுச் செல்லாதீர்கள்.

ஆபத்தை அறிவது எப்படி?

மிகுந்த வியர்வை, தலைவலி, கால் தசைப்பிடிப்பு, குமட்டல், தலைசுற்றல் ஆகியவை வெப்பத் தளர்ச்சியின் அறிகுறிகள். நிழலில் படுக்கவைத்து, உடலை ஈரமாக்கி விசிறி, சிறிது சிறிதாக நீர் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளிவு வராவிட்டால் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

பேச்சுக் குழறுதல், குழப்பம், ஆட்களை அடையாளம் காணாமை, வலிப்பு, மயக்கம், இவற்றோடு உடல் கொதிப்பது வெப்பத் தாக்கு எனப்படும் உயிராபத்து நிலை. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை, அதாவது 104 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டியிருக்கலாம். வியர்வை இருந்தாலும் இது ஏற்படக்கூடும். குடும்பத்தினர் இதைக் காய்ச்சல் என்று கருதிப் பாராசிட்டமால் கொடுத்துப் போர்த்திவிடுவது உண்டு. இது நோய்க்கிருமியால் வரும் காய்ச்சல் அன்று; அந்த மாத்திரையால் பயனில்லை.

உடனே 108 எண்ணை அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். ஆடைகளைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்குகளில் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். நினைவற்றவரின் வாயில் நீர் ஊற்றவே கூடாது. மருத்துவமனைக்கு வந்தபின் நாங்கள் செய்யப்போகும் முதல் சிகிச்சையும் குளிர்விப்பதே. அதை வீட்டிலேயே தொடங்கிவிட்டால், மூளையும் சிறுநீரகமும் காக்கப்படும் வாய்ப்பு மிகுதி. அவசரமற்ற ஐயங்களுக்கு 104 எண்ணில் ஆலோசனை பெறலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வெப்ப அலையில் மிகவும் பாதிக்கப்படுவோர், உதவி கேட்டு அழைக்க இயலாதவர்கள். உங்கள் தெருவில் தனியாக வாழும் முதியவர் எவரேனும் இருந்தால், இந்தக் கோடையில் காலையில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் அவர் கதவைத் தட்டுங்கள். ஒரு குவளை நீர் கொடுங்கள்; நாலு வார்த்தை பேசுங்கள். அவர் பேச்சு தெளிவாக இருக்கிறதா என்பதையும் அப்போதே அறிந்துகொள்ளலாம்.