பனிமலையிலிருந்து வந்த ஒற்றை வீரர்

வெண்பனி போர்த்திய மலையை நேரிற் கண்டவர் நம்மிடையே மிகச் சிலரே. கல்முனைக் கரையில் வாழும் நமக்குக் குளிர் என்பது மாரி மழையோடு வந்து சில வாரங்களில் விடைபெற்றுச் செல்லும் விருந்தாளி. நுவரெலியாவிற் புல்நுனிகளில் உறைபனி படிந்தது என்ற செய்தி பத்திரிகையில் வந்தால், அதனையே நாம் வியப்போடு படிக்கிறோம். ஆயினும், மாதக்கணக்கில் நிலமெல்லாம் பனி மூடிக் கிடக்கும் நாடுகள் உலகிற் பல உள. அந்நாட்டு மக்கள் பாதங்களில் இரு நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு, மலையின் மேலிருந்து அடிவாரம் வரை சறுக்கி வருதலைப் பெரியதொரு விளையாட்டாக வளர்த்துள்ளனர்.

இவ்விளையாட்டில் நிகழ்ந்த ஓர் அதிசயத்தை முதலிற் கூறுவோம். 2018ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் தென்கொரியாவின் பியொங்சாங் நகரிற் குளிர்கால ஒலிம்பிக் விழா நடைபெற்றது. 'சூப்பர் ஜி' எனப்படும் மலைச்சரிவுப் பந்தயத்தில் 26ஆவதாகப் புறப்பட்டார் செக் நாட்டு நங்கை எஸ்தர் லெடெக்கா. வயது 22. ஒற்றைப் பலகையிற் சறுக்கும் வேறொரு விளையாட்டிலேயே அவர் பெயர் பெற்றிருந்தார். தங்கப் பதக்கம் ஒஸ்திரிய வீராங்கனை அனா வைத்துக்கே உரியது என்று யாவரும் முடிவு கட்டியிருந்த வேளை அது. லெடெக்கா அடிவாரத்தை அடைந்ததும் கடிகாரம் காட்டிய எண்ணை அவராலேயே நம்ப முடியவில்லை. ஒரு செக்கனின் நூறிலொரு பங்கினால் அவர் வென்றிருந்தார்! கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைந்த இடைவெளி அது. ஏழு நாட்களின் பின் ஒற்றைப் பலகைப் பந்தயத்திலும் அவரே தங்கம் பெற்றார். ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் இரு வேறு விளையாட்டுகளிற் தங்கம் வென்ற முதற் பெண்மணி அவர்தான்.

அவர் பிறந்த குடும்பமும் பனியோடு பழகிய குடும்பமே. தாயார் பனிக்கட்டித் தளத்தில் நடனமாடும் கலையிற் பயின்றவர். பாட்டனார் யான் க்ளாபாச் செக்கோசிலவாக்கிய ஐஸ் ஹொக்கி அணியில் விளையாடி ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர். சறுக்குவதற்கு மலையும், கற்பிக்க ஆசானும், அனுப்பி வைக்கச் சங்கமும் உள்ள நாடு அது.

இவை யாவும் குறைவாகவே வாய்த்த ஒரு நாட்டிலிருந்து, அதே ஒலிம்பிக் சரிவின் உச்சியில் ஒருவர் வந்து நிற்பதாயின் அவர் எத்தனை மலைகளைக் கடந்திருக்க வேண்டும்? இக்கேள்விக்கு விடையாக விளங்குபவர் காஷ்மீரத்து வீரர் முகம்மது ஆரிஃப் கான்.

கடைக்காரர் மகன்

காஷ்மீரத்தின் பாரமுல்லா மாவட்டத்திலே குல்மார்க் என்றோர் ஊர் உண்டு. மலர் நிறைந்த புல்வெளி என்பது அப்பெயரின் பொருள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீற்றர் உயரத்தில் அப்புல்வெளி அமைந்துள்ளது. நம் நாட்டின் மிகவுயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலையின் உயரமே 2,524 மீற்றர்தான். அங்கே சிறுவர் ஓடி விளையாடும் வெளி, இங்கே நம் சிகரத்துக்கும் மேலே இருக்கிறது என்றால் அதன் உயரத்தை வாசகர்கள் மதித்துக்கொள்ளலாம்.

குல்மார்க்கிற் பனிச்சறுக்கைத் தொடக்கி வைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1927ஆம் ஆண்டில் அங்கு ஒரு சறுக்குச் சங்கம் தோன்றியது. பிற்காலத்தில், 1998ஆம் ஆண்டு முதல் மலைச்சரிவில் மக்களை ஏற்றிச் செல்லும் கம்பிவடத் தொட்டிகள் ஓடத் தொடங்கின. 2005ஆம் ஆண்டில் அவ்வடம் மேலும் உயரே நீட்டப்பட்டது. உலகின் பல திசைகளிலிருந்தும் உல்லாசப் பயணிகள் வரலாயினர். வந்தவர்கள் சறுக்கினர், ஊரவர்கள் அவர்களுக்கு வழிகாட்டினர், சுமை தூக்கினர், தேநீர் விற்றனர். சறுக்குக் கருவிகளை வாடகைக்குக் கொடுத்துப் பிழைத்தவர்களும் இருந்தனர். ஆரிஃபின் தந்தையார் முகம்மது யாசின் கானும் சறுக்குக் கருவிக் கடை நடத்தியவரே.

1990ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிறந்த ஆரிஃப், தமது நான்காம் வயதிலேயே பலகையில் ஏறி நின்றார். பன்னிரண்டாம் வயதில் தேசியப் போட்டியிற் தங்கம் பெற்றார். 2005ஆம் ஆண்டு யப்பானிலே முதன்முறையாகச் சர்வதேசப் பந்தயம் ஒன்றிற் கலந்துகொண்டார். 2011இல் இந்தியாவில் நடைபெற்ற தெற்காசியக் குளிர்கால விளையாட்டு விழாவில் இரண்டு தங்கப் பதக்கங்கள் அவருக்குக் கிடைத்தன. பிறருக்கு வாடகைக்கு விடும் பொருளாகக் கடையில் இருந்த பலகை, மகனுக்கு வாழ்க்கைப் பாதையாயிற்று.

பந்தயத்தின் முறை

ஆரிஃப் ஈடுபட்ட பந்தயங்கள் 'ஸ்லாலம்', 'பெரிய ஸ்லாலம்' என இரண்டு. சரிவின் வழியெங்கும் சிவப்பும் நீலமுமான கம்புகள் மாறி மாறி நாட்டப்பட்டிருக்கும். அவை வாயில்கள் எனப்படும். ஒரு வாயிலையும் தவறவிடாமல், வலமும் இடமுமாக வளைந்து வளைந்து இறங்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் ஓட்டம் செல்லாது. ஸ்லாலத்தில் வாயில்கள் நெருங்கி நிற்கும். பெரிய ஸ்லாலத்தில் அவை அகன்று நிற்பதால் வேகம் மிகும். வீரர் ஒவ்வொருவரும் இருமுறை இறங்குவர். இரண்டாம் முறைக்கு வாயில்களை இடம் மாற்றி நாட்டுவர். இரு ஓட்டங்களின் நேரத்தையும் கூட்டி, நூறிலொரு செக்கன் வரை கணக்கிட்டு இடம் வழங்குவர்.

பலகையின் அடிப்புறத்துக்கு மெழுகு பூசுவதும், அதன் உருக்கு விளிம்பைக் கத்திபோற் தீட்டுவதும் தனிக் கலை. பலகை ஓடும்போது உராய்வினால் எழும் வெப்பம் பனியின் மேற்பரப்பை மெல்ல இளக்கி வழுக்கலை உண்டாக்குகிறது. வளையும் வேளையிலோ அவ்வழுக்கல் உதவாது; விளிம்பு பனியை அறுத்துப் பிடிக்க வேண்டும். வழுக்குதலையும் பற்றுதலையும் மாறி மாறிச் செய்யும் திறனே இவ்விளையாட்டின் உயிர்நாடி.

பணம் என்னும் மலை

ஒலிம்பிக்குக்குச் செல்ல விரும்புவோர் சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் அங்கீகரித்த பந்தயங்களிற் பங்குபற்றிப் புள்ளி பெற வேண்டும். இங்கே ஒரு விநோதம்: வெற்றியாளரை விட எவ்வளவு பிந்துகிறோமோ அவ்வளவுக்குப் புள்ளி ஏறும். ஆகையால் புள்ளி குறையக் குறையவே தகுதி உயரும். ஒரு பந்தயத்தில் நன்றாக ஓடினாற் போதாது. பல பந்தயங்களில் ஓடிச் சராசரியைக் குறைத்தல் வேண்டும். அப்பந்தயங்களிற் பெரும்பாலானவை ஐரோப்பாவில் நிகழ்பவை. விமானச் செலவு, விடுதிச் செலவு, ஆசானின் ஊதியம், பலகைகளின் விலை என்று பணம் நீராய்ச் செலவாகும்.

2018ஆம் ஆண்டு ஒலிம்பிக்குக்கு ஆரிஃப் தகுதி பெறாமற் போனதற்கு இதுவே பெருங்காரணம். தகுதிப் பந்தயங்கள் அனைத்துக்கும் செல்லக் கைப்பொருள் போதவில்லை. பொதுமக்களிடம் நிதி திரட்ட எடுத்த முயற்சியும் தேவையான தொகையை எட்டவில்லை. லெடெக்கா நூறிலொரு செக்கனால் வென்ற அதே விழாவை, ஆரிஃப் பயணச் செலவு இல்லாமையால் இழந்தார்.

வேறொருவராயின் அத்துடன் கடைக்குத் திரும்பியிருக்கலாம். ஆரிஃபோ மேலும் நான்காண்டுகள் உழைத்தார். 2019இல் சுவீடனிலும் 2021இல் இத்தாலியிலும் நடந்த உலகப் பந்தயங்களில் ஓடினார். தனியார் நிறுவனமொன்றின் விளையாட்டு நிதி பின்னர் அவருக்குக் கைகொடுத்தது. பயிற்சி தடைப்படலாகாது என்று தமது திருமணத்தையும் ஒத்திவைத்தார்.

2021ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்லாலத்துக்கான தகுதி கிடைத்த இடத்தைக் கேட்டால் நம்மவர் வியப்பர். அது பாலைவன நகரமாகிய டுபாய்! நம் ஊர் இளைஞர் பலர் தொழில் தேடிச் செல்லும் அந்நகரில், ஒரு பெரிய அங்காடியோடு இணைந்த கட்டடத்துள் செயற்கைப் பனிமலை ஒன்று அமைந்துள்ளது. வெளியே வெயில் காய, உள்ளே பனியில் ஓடித் தகுதி பெற்றார் காஷ்மீரத்து வீரர். அடுத்த மாதம் மொன்டினீக்ரோ நாட்டிற் பெரிய ஸ்லாலத்துக்கும் தகுதி பெற்றார். அதன் பின்னர் இந்திய அரசு, ஒஸ்திரியாவிற் பயிற்சி பெறவும் கருவிகள் வாங்கவும் 17 இலட்சத்து 46 ஆயிரம் இந்திய ரூபாவை ஒதுக்கியது.

ஒருவரே ஓர் அணி

2022ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆந் திகதி பெய்ஜிங் ஒலிம்பிக் விழா தொடங்கியது. இந்தியாவின் சார்பிற் போட்டியிட வந்தவர் ஆரிஃப் ஒருவர் மாத்திரமே. கொடி பிடித்தவரும் அவர், அணியும் அவர். 1964ஆம் ஆண்டு ஒஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகருக்கு ஜெரமி புயகோவ்ஸ்கி என்பவர் இந்தியாவின் முதற் குளிர்கால ஒலிம்பிக் வீரராகத் தனியே சென்றார். 58 ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஒருவரே சென்றார் என்பது சிந்திக்கத்தக்கது.

அவ்விழாவின் மீது அரசியலின் நிழலும் படிந்திருந்தது. இந்திய-சீன எல்லை மோதலில் ஈடுபட்டிருந்த சீனப் படைத்தலைவர் ஒருவர் ஒலிம்பிக் சுடர் ஏந்தியமையால், தன் தூதரகப் பிரதிநிதி தொடக்க விழாவிலும் நிறைவு விழாவிலும் கலந்துகொள்ளார் என இந்தியா அறிவித்தது. தூரதர்ஷனும் அவ்விழாக்களை நேரடியாக ஒளிபரப்பவில்லை. ஆரிஃப் கொடியேந்தி நடந்த அந்த வேளையைச் சொந்த நாட்டின் அரசுத் தொலைக்காட்சி காட்டவில்லை.

பெப்ரவரி 13ஆந் திகதி பெரிய ஸ்லாலம் நடந்தது. அன்று பனி கொட்டிக்கொண்டேயிருந்தது; எதிரேயுள்ள வாயிலும் மங்கலாகவே தெரிந்தது. புறப்பட்டவர்கள் 89 பேர். புகழ்பெற்ற வீரர்களும் வழுக்கி விழ, ஏறத்தாழ அரைவாசிப் பேர் பந்தயத்தை முடிக்கவில்லை. ஆரிஃப் முதலோட்டத்தை 1 நிமிடம் 22.35 செக்கனிலும், இரண்டாம் ஓட்டத்தை 1 நிமிடம் 24.89 செக்கனிலும் முடித்தார். அவருக்குக் கிடைத்தது 45ஆம் இடம். தங்கம் வென்ற சுவிற்சர்லாந்து வீரர் மார்க்கோ ஓடர்மாட்டை விட 37.89 செக்கன் அவர் பிந்தியிருந்தார். மூன்று நாட்களின் பின் நடந்த ஸ்லாலத்தில், முதலோட்டத்திலேயே வாயில் தவறியதால் அவரால் முடிக்க இயலவில்லை.

நூறிலொரு செக்கனைக் கணக்கிடும் விளையாட்டில் 38 செக்கன் என்பது பெருந்தூரம். அதனை மறைப்பதற்கில்லை. முடித்தோர் வரிசையின் கடைப்பகுதியிலேதான் அவர் பெயர் காணப்படுகிறது. ஆனால் அந்த 38 செக்கன் அவர் ஒருவருடைய குறைதானா? மலையிருந்தும் ஆசானில்லாத ஆண்டுகள், வழிச்செலவின்றித் தவறிய பந்தயங்கள், உரிய வயதிற் கிட்டாத பயிற்சி ஆகிய யாவும் அந்த எண்ணுள் அடங்கியிருக்கின்றன. அத்தனையையும் சுமந்துகொண்டு, வல்லவர் பலர் விழுந்த சரிவிலே இருமுறையும் விழாமல் இறங்கி வந்தார் என்பதே அந்த 45ஆம் இடத்தின் பெறுமதி.

அவரைப் போன்ற பிறரும் உளர். இமாச்சலப் பிரதேசத்து மனாலியைச் சேர்ந்த ஆஞ்சல் தாக்கூர் என்னும் பெண், 2018ஆம் ஆண்டு துருக்கியில் வெண்கலம் வென்று, பனிச்சறுக்கில் இந்தியாவுக்குச் சர்வதேசப் பதக்கம் ஒன்றைத் தேடித் தந்தார். 2020ஆம் ஆண்டில் தேசியக் குளிர்கால விளையாட்டு விழா ஒன்றும் குல்மார்க்கிலே தொடங்கப்பெற்றது.

நம் கரைக்கு இதில் என்ன?

பனியே இல்லாத நமக்கு இக்கதை எதற்கு என்று மாணவர் எவரேனும் வினவலாம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வழியாகத் தெற்கே சென்றாற் பொத்துவில் வரும். அதனை அடுத்து அறுகம்பை. ஆண்டுதோறும் நடுமாதங்களில் அங்கே எழும் அலைகளைத் தேடி உலகெங்கணுமிருந்து மக்கள் வருகின்றனர். அவர்கள் பலகையில் ஏறி நீர்ச்சரிவிலே வழுக்கி வரும் காட்சியை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். குல்மார்க்கின் பனிச்சரிவுக்கும் அறுகம்பையின் அலைச்சரிவுக்கும் ஒற்றுமை வெகு தூரத்தில் இல்லை. அங்கும் முதலில் விளையாடியவர்கள் வெளியூரவர். உணவு விற்றவரும் பலகை வாடகைக்குக் கொடுத்தவரும் ஊரவர். பின்னர் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் அலையில் ஏறலாயினர். 2018ஆம் ஆண்டில் அறுகம்பைப் பெண்கள் தமக்கென ஓர் அலைச்சறுக்குச் சங்கமும் அமைத்தனர். இலங்கையிற் பெண்களுக்கென அமைந்த முதலாவது அலைச்சறுக்குச் சங்கம் அதுவே.

அலைச்சறுக்கு 2021ஆம் ஆண்டு யப்பானில் நடந்த ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆகவே அறுகம்பையின் அலையிலிருந்தும் ஒலிம்பிக்குக்கு ஒரு வழி உண்டு. இறைவன் அளித்த அலை நம்மிடம் இருக்கிறது. அதில் ஏறத் துணிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். எஞ்சியவை ஆசானும், பலகையும், வெளிநாட்டுப் பந்தயங்களுக்குச் செல்லும் வழிச்செலவும்தான். இவற்றைத் தருதல் பெற்றோர் ஒருவரால் மட்டும் ஆகக்கூடியதன்று. பாடசாலைகளும், விளையாட்டுக் கழகங்களும், ஊரிலே வசதி படைத்தவர்களும், அரசும் கூடிச் செய்ய வேண்டிய காரியம் அது. ஆரிஃப் கானுக்கு அவ்வுதவி முப்பது வயதை அண்மிய பின்னரே போதுமான அளவிற் கிடைத்தது. அவ்வளவு காலம் காத்திருக்கும் நிலை நம் கரையின் பிள்ளைகளுக்கு வராதிருக்கட்டும்.