முக்கோணச் சதுரமும் கால் அங்குலத் துல்லியமும்

அமெரிக்காவில் குவில்ட் என வழங்கும் ஒட்டுத்துணிப் போர்வைகளின் பல கோலங்களுக்கு, இருநிற முக்கோணங்கள் மூலைவிட்டத்தில் இணைந்த சதுரமே அடிப்படையாகும். இரண்டு சதுரத் துணிகளை நல்ல பக்கங்கள் உள்முகமாக இருக்குமாறு அடுக்கி, மூலைவிட்டக் கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, அக்கோட்டிலேயே வெட்டினால் இத்தகைய சதுரங்கள் இரண்டு கிடைக்கும். போர்வையில் 3 அங்குலமாகத் தெரியவேண்டிய சதுரத்துக்கு 3⅞ அங்குலத் துணி கணக்குப்படி போதுமெனினும், 4 அங்குலத்தில் தொடங்கிப் பின்னர் 3½ அங்குலமாக நறுக்குவதே நம்பகமான முறையாகும். இந்த 3½ அங்குலத்தில் மிகையான அரை அங்குலம் ஓரத் தையல்களுக்குள் மறைந்துவிடும். ஒவ்வொரு சதுரத்திலும் நேரும் 1/16 அங்குலப் பிசகு, பதினாறு சதுரங்கள் கொண்ட வரிசையில் முழு அங்குலமாகப் பெருகிவிடுகிறது.

மூலைவிட்டத் தையல் துணியின் இழைக்குச் சாய்வாகச் செல்வதால் அவ்விடம் எளிதில் இழுபடும். ஆகவே இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் அழுத்தி எடுத்தல் வேண்டும். அதன்பின், ஒளி ஊடுருவும் சதுர அளவுகோலின் 45 பாகைக் கோட்டைத் தையலின்மேல் மிகச் சரியாகப் பொருத்தி, மேல் ஓரத்தையும் வல ஓரத்தையும் உருளைக் கத்தியால் சீவி, துணியை அரைச்சுற்றுத் திருப்பி, வெட்டிய ஓரங்களை 3½ அங்குலக் கோடுகளில் நிறுத்தி, எஞ்சிய இரு ஓரங்களையும் சீவ வேண்டும். துணியின் ஓரத்தை நம்பி அளவுகோலை வைப்பது பெரும்பிழை. தையலே அளவுக்கு ஆதாரமாகும்.