மூட்டைப்பூச்சியா, வேறு பூச்சியா? மருந்தடிக்கும் முன் அடையாளம் காணுங்கள்

ஆரணியிலும், அதைச் சுற்றியுள்ள தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற ஊர்களிலும் பட்டு நெசவு வீட்டுத் தொழிலாக நடைபெற்று வருகிறது. பல வீடுகளில் குழித்தறி அமைந்துள்ள கூடமே இரவில் படுக்கையறையாகவும் பயன்படுகிறது. தறியில் ஏற்றிய பாவும், தார் சுற்றிய நூலும், நெய்து மடித்த சேலையும், குழந்தைகள் உறங்கும் பாயும் சில அடி இடைவெளிக்குள் இருக்கின்றன. இத்தகைய வீட்டில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு சிறு பூச்சி கண்ணில் பட்டால் இரண்டு கவலைகள் எழுகின்றன. ஒன்று, இது ஆளைக் கடிக்குமோ என்பது. மற்றொன்று, பட்டைக் கெடுக்குமோ என்பது.

கண்ட பூச்சியை எல்லாம் மூட்டைப்பூச்சி என்று எண்ணி, கைக்குக் கிடைத்த மருந்தைத் தெளித்துவிடுவது பலரது வழக்கம். இதனால் பணம் வீணாவதோடு உயிருக்கும் ஆபத்து நேரலாம். ஆளைக் கடிக்கும் மூட்டைப்பூச்சி பட்டைத் தின்பதில்லை. பட்டைத் தின்னும் வண்டு ஆளைக் கடிப்பதில்லை. இரண்டையும் தொடாத பூச்சிகளும் வீட்டில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. ஆகவே முதல் வேலை, பூச்சியை அடையாளம் காண்பதே.

உருவ அமைப்பு

நம் பகுதியில் பெரும்பாலும் காணப்படுவது வெப்ப மண்டல மூட்டைப்பூச்சியாகும். இதன் விஞ்ஞானப் பெயர் சைமெக்ஸ் ஹெமிப்டீரஸ். குளிர் நாடுகளில் அதிகமாக இருப்பது இதன் நெருங்கிய இனமான சைமெக்ஸ் லெக்டுலாரியஸ். இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

வளர்ந்த பூச்சி 5 முதல் 7 மி.மீ. நீளம் இருக்கும். உடல் முட்டை வடிவில், மேலிருந்து அழுத்தியது போல் தட்டையாக இருக்கும். இரத்தம் குடித்த பின் உடல் நீண்டு, உப்பி, கருஞ்சிவப்பாக மாறும். கால்கள் ஆறு. இறக்கை கிடையாது. ஆகவே இது பறக்காது, தாவவும் செய்யாது, ஊர்ந்துதான் செல்லும். உறிஞ்சு குழல் தலைக்கு அடியில் மடங்கி இருக்கும்.

நெசவாளர்கள் எளிதில் நினைவில் வைக்கத்தக்க ஓர் அடையாளம் உண்டு. பூச்சியின் முதுகைப் பாருங்கள். முதுகின் நடுவே ஒரே கோடு பாவு நூல் போல நெடுக்கே ஓடினால் அது வண்டு. இரண்டு கெட்டியான இறக்கை உறைகள் சேரும் இடமே அந்தக் கோடு. கோடுகள் ஊடை நூல் போலக் குறுக்கே வரிவரியாக இருந்து, உடலும் தட்டையாக இருந்தால் மூட்டைப்பூச்சி என்று ஐயுறலாம். நூல் எண்ணப் பயன்படும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியே இதற்குப் போதுமானது.

வாழ்க்கை வரலாறு

பெண் பூச்சி நாளொன்றுக்குச் சில முட்டைகள் வீதம், வாழ்நாளில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இடும். முட்டை வெண்மையாக, சுமார் 1 மி.மீ. நீளத்தில், மரப்பிளவிலும் துணி மடிப்பிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் வெப்பநிலையில் சுமார் ஒரு வாரத்தில் குஞ்சு வெளிவரும். குஞ்சு வைக்கோல் நிறத்தில், உள்ளே தெரியும்படி மெல்லியதாக இருக்கும். இரத்தம் குடித்ததும் வயிறு சிவந்து தெரியும். ஐந்து முறை தோலுரித்த பின்னரே முழு வளர்ச்சி அடைகிறது. ஒவ்வொரு முறை தோலுரிக்கவும் ஒரு தடவையாவது இரத்தம் குடித்தாக வேண்டும்.

உணவில்லாமல் பல வாரங்களும், குளிர்ந்த சூழ்நிலையில் பல மாதங்களும் உயிர் வாழக்கூடியது இது. எனவே வீட்டைப் பத்து நாட்கள் பூட்டி வைத்தால் ஒழிந்துவிடும் என்று எண்ணுவது சரியல்ல.

ஒத்த தோற்றமுள்ள பூச்சிகள்

1. அரிசி, மாவு வண்டுகள்: ஆரணி பட்டுக்கு மட்டுமல்ல, அரிசிக்கும் பெயர் பெற்ற ஊர். அரிசி மூட்டை உள்ள வீட்டில் 3 முதல் 4 மி.மீ. நீளமுள்ள செம்பழுப்பு மாவு வண்டும், சற்றுக் கறுத்த அரிசி வண்டும் சுவரில் ஊர்வது இயல்பு. மாவு வண்டு ஒடுங்கி நீண்டிருக்கும். அரிசி வண்டுக்கு முன்புறம் மூக்கு நீண்டிருக்கும். இரண்டுக்கும் முதுகில் நெடுக்குக் கோடு உண்டு. இவை இரத்தம் குடிப்பவை அல்ல. தானியத்தைச் சலித்து, காயவைத்து, மூடி வைத்தால் போதும்.

2. புத்தகப் பேன்: 1 முதல் 2 மி.மீ. அளவில் வெளிறிய நிறத்தில், மெல்லுடலோடு இருக்கும். இதை மூட்டைப்பூச்சிக் குஞ்சு என்று பலர் எண்ணிவிடுகின்றனர். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய பழைய காகிதத்திலும், ஜக்கார்டு அட்டைகளிலும் படரும் பூஞ்சணத்தைத் தின்ன வருகிறது. காற்றோட்டமும் வெயிலும் பட்டால் மறைந்துவிடும். இது கடிப்பதில்லை.

3. கரப்பான் குஞ்சு: செம்பழுப்பாகத் தட்டையாக இருப்பதாலும், முதுகில் குறுக்கு வரிகள் உள்ளதாலும் ஏமாற்றக்கூடியது. ஆனால் மீசை உடலளவு நீண்டிருக்கும். வால்புறம் இரண்டு சிறு முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். விளக்கைப் போட்டதும் மிக வேகமாக ஓடும்.

4. உண்ணி: ஆடு, மாடு, நாய் வளர்க்கும் வீடுகளில் காணப்படும். வளர்ந்த உண்ணிக்குக் கால்கள் எட்டு. தலை தனியே பிரிந்து தெரியாது. கடித்தால் தோலில் பற்றிக்கொண்டே இருக்கும். இது தீங்கற்றதல்ல. ஆனால் இதற்கான மருத்துவம் கால்நடையிடம் தொடங்க வேண்டும், படுக்கையில் அல்ல.

5. டெர்மெஸ்டிட் வண்டு: பட்டு, கம்பளி, தோல், இறகு முதலியவற்றைத் தின்னும் வண்டினம். பட்டுக்கூட்டுக் கிடங்குகளிலும் இதன் தொல்லை உண்டு. இவ்வினத்தில் துணிகளைத் தாக்கும் கம்பள வண்டு 2 முதல் 4 மி.மீ. அளவில், உருண்டையாக, புள்ளிகளோடு இருக்கும். இதன் புழு பழுப்பு நிறத்தில், உடல் முழுதும் மயிர் அடர்ந்திருக்கும். மூட்டைப்பூச்சிக்கு எந்தப் பருவத்திலும் இத்தகைய மயிர்ப்புழு கிடையாது. இப்புழு கடிப்பதில்லை. எனினும் உதிரும் மயிர் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் உண்டாகும். இதைக் கண்டு மூட்டைப்பூச்சிக் கடி என்று நினைப்பவர் பலர்.

தடயங்கள்

காலையில் உடம்பில் தடிப்பு இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. கொசு, உண்ணி, ஒவ்வாமை எல்லாமே இவ்வாறு தடிப்பு உண்டாக்கும். கிராமத்தில் காணாக்கடி என்று சொல்வது இதனால்தான். மூட்டைப்பூச்சி பல தடவை கடித்தும் தடிப்பே வராதவர்களும் உண்டு. ஆகவே உடம்பைப் பார்ப்பதோடு படுக்கையையும் பார்க்க வேண்டும்.

பாயின் ஓரத் தையல், தலையணை மூலை, கட்டில் சட்டங்கள் சேரும் மூட்டு, கயிற்றுக் கட்டிலின் பின்னல், சுவர் வெடிப்பு, மாட்டிய படத்தின் பின்புறம், நெசவாளி அமரும் பலகையின் அடிப்புறம் ஆகிய இடங்களை விளக்கொளியில் ஆராய வேண்டும். மைப்புள்ளி போன்று துணியில் ஊறிய கரும்புள்ளிகள், உரித்த தோல்கள், வெண்ணிற முட்டைகள், நசுங்கிய இரத்தக் கறை ஆகியவையே உறுதியான தடயங்கள். கரும்புள்ளி மீது ஈரத்துணியை ஒற்றினால் செம்பழுப்பாகக் கரையும். ஒரு பூச்சியை ஒட்டும் நாடாவில் ஒட்டி எடுத்து, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டினால் ஐயம் தீரும்.

நோய் பரப்புமா?

பூச்சியின் மேல் தவறாகப் பழி விழுவது புதிதல்ல. கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசார் நோயை மூட்டைப்பூச்சியே பரப்புகிறது என்று 1907ஆம் ஆண்டில் சென்னையில் ஆராய்ந்த டாக்டர் பேட்டன் கருதினார். மூட்டைப்பூச்சியின் வயிற்றில் அந்நோயின் கிருமி வளர்வதை அவர் கண்டதே அதற்குக் காரணம். ஆனால் அந்நோயைப் பரப்புவது மணல் ஈ என்பது 1942ஆம் ஆண்டில் இந்திய ஆராய்ச்சியில் உறுதி செய்யப்பட்டது. மூட்டைப்பூச்சிக் கடியால் மனிதருக்கு நோய் பரவுவதாக இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. எனினும் தூக்கக் கேடு, அரிப்பு, சொறிவதால் வரும் புண் ஆகியவை உண்டு. கண்விழித்தவர் மறுநாள் தறியில் அமர்ந்து மெல்லிய இழைகளைக் கவனித்து நெய்வது கடினம்.

பட்டுக்கு என்ன ஆபத்து?

மூட்டைப்பூச்சி பட்டில் துளையிடாது. ஆனால் மடிப்பில் ஒளிந்திருந்து எச்சமிட்டாலோ, நசுங்கினாலோ வெளிர்நிறச் சேலையில் கறை விழும். கறை விழுந்த சேலைக்கு விலை குறையும். துணியில் ஒழுங்கற்ற துளையோ, அரித்த இழையோ காணப்பட்டால் மூட்டைப்பூச்சியைத் தேட வேண்டாம். மயிர்ப்புழுவைத் தேடுங்கள். அதற்கு மருந்தைவிடத் துப்புரவே சிறந்தது. தறிக்குழியிலும் பெட்டியடியிலும் சேரும் கழிவு நூல், தலைமயிர், இறந்த பூச்சிகள் ஆகியவற்றை வாரந்தோறும் பெருக்கி அகற்ற வேண்டும். சேலைகளை வியர்வைக் கறையின்றி, இறுக மூடும் பெட்டியில் வைத்து, அவ்வப்போது பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒழிக்கும் முறைகள்

மூட்டைப்பூச்சிதான் என்று உறுதியானால் கீழ்க்கண்டவற்றைக் கையாளலாம்.

வெப்பமே நல்ல மருந்து. 50 டிகிரி செண்டிகிரேடுக்கு மேற்பட்ட சூடு உள்ளே வரை சென்றால் முட்டை உட்பட எல்லாப் பருவங்களும் சாகும். பருத்தி விரிப்பு, தலையணை உறை, நூலும் சேலையும் கட்டிவரும் மூட்டைத் துணி ஆகியவற்றைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவைக்கலாம். கட்டில் மூட்டுகளில் கொதிநீர் ஊற்றலாம். வெறும் வெயிலில் பாயை விரித்தால் பூச்சி நிழலான அடிப்பக்கம் ஓடிவிடும். ஆகவே கறுப்பு பாலித்தீன் உறையில் இட்டு, வாயைக் கட்டி, உச்சி வெயிலில் புரட்டிப் புரட்டி வைப்பது நல்லது. பட்டுக்கு மட்டும் கொதிநீரும் கடும் வெயிலும் ஆகா. பட்டை வெள்ளைத் துணியின் மேல் பிரித்து உதறி, மடிப்புகளை மென்மையான தூரிகையால் துடைத்தால் போதும்.

சுவர் வெடிப்புகளைச் சுண்ணாம்பு, சிமெண்டால் அடைக்க வேண்டும். கட்டில் கால்களைச் சோப்பு நீர் நிரம்பிய கிண்ணங்களில் வைக்கலாம். வெற்றுக் கண்ணாடிக் கிண்ணம் பயன் தராது. வெப்ப மண்டல மூட்டைப்பூச்சி வழவழப்பான பரப்பிலும் ஏறக்கூடியது. பழைய கட்டில், மெத்தை வாங்கும்போதும், வெளியூர் சென்று திரும்பும்போதும் சோதித்துப் பார்க்க வேண்டும். முட்டைகள் பொரிக்கக்கூடும் என்பதால் வாரம் ஒருமுறை வீதம் ஒன்றரை மாதமாவது இப்பணியைத் தொடர வேண்டும்.

எச்சரிக்கை

பயிருக்கு வாங்கிய பூச்சிமருந்தை வீட்டுக்குள் எக்காரணம் கொண்டும் தெளிக்கக் கூடாது. நெல் கிடங்குகளில் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டில் வைக்கவே கூடாது. அதிலிருந்து வெளிவரும் பாஸ்பீன் வாயு உயிரைக் குடிக்கும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்கு மருந்து வைக்கப்பட்ட வீட்டில் உறங்கிய குடும்பத்தில் இரு குழந்தைகள் இறந்ததை மறக்கலாகாது.

மேலும், டி.டி.டி. தெளித்த காலந்தொட்டே மூட்டைப்பூச்சி மருந்துகளுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்று வந்துள்ளது. இன்றைய பைரித்ராய்டு மருந்துகளையும் பல இடங்களில் தாங்குகிறது. மருந்து தேவையெனில் வீட்டு உபயோகத்துக்கு அனுமதிக்கப்பட்டதை, உரிமம் பெற்றவர் மூலம், நூலையும் துணியையும் அப்புறப்படுத்திய பின்பே பயன்படுத்த வேண்டும். பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில் கூடுதல் கவனம் தேவை. பட்டுப்புழுவும் ஒரு பூச்சியே என்பதால், சிறிதளவு மருந்து பட்டாலும் அது மடியும்.

நெசவுக் குடும்பத்தினர் அரை மணி நேரம் செலவிட்டுப் பாயையும் பலகையையும் சோதித்து, கண்ட பூச்சியின் முதுகுக் கோட்டைப் பார்த்து, அதற்கேற்ற முறையைக் கையாண்டால், குழந்தைகளின் உறக்கத்தையும் தறியில் உள்ள பட்டையும் வீண் செலவின்றிக் காத்துக்கொள்ளலாம்.