சோளப் பயிரின் தண்ணீர்ச் சிக்கனம்

மகாராஷ்டிரத்தில் சோலாப்பூரிலும் கர்நாடகத்தில் விஜயபுராவிலும் பரந்து கிடக்கும் கரிசல் நிலங்களில், தென்மேற்குப் பருவமழை ஓயும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சோளம் விதைக்கிறார்கள். அதன் பிறகு மழை அரிது. கரிசல் மண் தன்னுள் தேக்கி வைத்த ஈரமே பயிருக்கு முதல். ஏறத்தாழ நான்கு மாதகாலம் அம்முதலைக் கொண்டே அது வளர்ந்து, பூத்து, மணி பிடிக்க வேண்டும். 1930களில் மோஹோல் என்னும் ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட 'மால்தண்டி' எம் 35-1 ரகம் இன்றும் அங்கே பெயர் பெற்று விளங்குகிறது. இத்தகைய பயிர் வறட்சியை எவ்வாறு சமாளிக்கிறது? இதனை அறிய நாம் அதன் உயிரணுக்களை நோக்க வேண்டும்.

உயிரணுவைக் காற்றடைத்த சைக்கிள் குழாய்க்கு ஒப்பிடலாம். காற்றுக்குப் பதிலாக அதனுள் நீர் நிறைந்திருக்கிறது. இந்நீரின் அழுத்தமே இலையை விறைப்பாக நிறுத்துகிறது. இளம் உயிரணுக்களை விரியச் செய்வதும் அதுவே. மண்ணின் ஈரம் குறையும்போது முதலில் தடைப்படுவது இந்த விரிவாகும். ஆகவே, இலை வாடுவதை நாம் காண்பதற்கு முன்னரே பயிரின் வளர்ச்சி குன்றத் தொடங்கிவிடுகிறது.

வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இலைகளின் வழியே ஆவியாகப் போய்விடுகிறது. அது வெளியேறும் வாயில்கள் இலைத்துளைகள் எனப்படும். ஒவ்வொரு துளைக்கும் இருபுறமும் இரண்டு காப்பணுக்கள் கதவுகள்போல் அமைந்துள்ளன. வறட்சி நேரிடும்போது பயிரில் அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. இப்பொருள் 1960களில் கண்டறியப்பட்டது. உயிரணுவில் அதனை ஏற்றுணரும் புரதங்கள் இவை என்பது 2009ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. இந்தச் செய்தி கிடைத்ததும் காப்பணுக்களிலிருந்து பொட்டாசியம் முதலிய உப்புக்கள் வெளியேறுகின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகிறது. விறைப்பிழந்த காப்பணுக்கள் தளர்ந்து ஒன்றோடொன்று பொருந்த, துளை மூடிக்கொள்கிறது.

நீர் மிஞ்சுகிறது, ஆனால் வேறொரு தொல்லை முளைக்கிறது. உணவு தயாரிக்கத் தேவையான கரியமிலவாயுவும் அதே வாயிலின் வழியேதான் உள்ளே வர வேண்டும். கதவை அடைத்தால் தாகம் தணியும், பசி வருத்தும். அதுமட்டுமன்று. பயன்படாத வெயிலின் ஆற்றல் இலையினுள் பிராணவாயுவைக் கேடு செய்யும் வடிவங்களாக மாற்றி, உயிரணுச் சவ்வுகளைத் தாக்குகிறது. இவற்றை முறிக்கும் நொதிகளைப் பயிர் தானே உண்டாக்கிக்கொள்கிறது. எனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

இங்குதான் சோளத்தின் தனிச்சிறப்பு வெளிப்படுகிறது. அதன் இலையில் கரியமிலவாயுவை ஈர்த்துச் செறிவாக்கும் ஏற்பாடு ஒன்று உள்ளது. ஆகவே, துளைகள் பாதி மூடியிருக்கும்போதும் நெல், கோதுமை ஆகியவற்றைவிட அது நன்கு உணவு தயாரிக்க வல்லது. மேலும், சோளத்தின் உயிரணுக்கள் சர்க்கரை, புரோலீன் போன்ற பொருள்களைத் தம்முள் சேர்த்துக்கொள்கின்றன. உப்பிலிட்ட மாங்காயிலிருந்து நீர் வெளிவருவதை நாம் கண்டிருக்கிறோம். கரைபொருள் மிகுந்த பக்கத்தை நோக்கி நீர் செல்லும் என்பதே அதன் காரணம். அதே விதிப்படி, கரைபொருளைச் சேர்த்துக்கொண்ட உயிரணு, காய்ந்துவரும் மண்ணிலிருந்தும் சிறிது நீரைப் பெற முடிகிறது.

ஆயினும் எல்லாப் பருவத்திலும் இழப்பு ஒரே அளவினதன்று. இளம் பருவத்தில் சில நாள் வாடிய பயிர் பின்னர் தேறக்கூடும். பூக்கும் தறுவாயில் நீர் அற்றுப்போனாலோ மகரந்தம் நலிகிறது. மணிகள் பிடிக்காமற் போகின்றன. அந்த இழப்பைப் பின்னர் வரும் மழையும் ஈடுசெய்யாது. ஆகையால், முற்பருவத்தில் இலைப்பரப்பைச் சுருக்கி, பூத்த பின்னும் பசுமை மாறாதிருக்கும் சோள வகைகளை ஆராய்ச்சியாளர் நாடுகின்றனர். ஹைதராபாத்திற்கு அருகே பட்டான்செருவில் 1972இல் நிறுவப்பட்ட சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில், அத்தன்மைக்குரிய மரபுக்கூறுகளை இந்தியாவுக்கு ஏற்ற சோள வகைகளில் சேர்க்கும் முயற்சிகள் நடைபெற்றுள்ளன.

உழவரின் அனுபவமும் இதனையே கூறுகிறது. பயிரை நெருக்கமாக விடாமல் கலைத்துவிடுதல், களையை அகற்றுதல், இடையுழவு செய்து கரிசல் மண்ணின் வெடிப்புக்களை மூடுதல் ஆகியவை, கதிர் வெளிவரும் நாளுக்காக ஈரத்தைக் காத்து வைக்கும் வழிகளே. கிணற்றில் ஒரே ஒரு பாய்ச்சலுக்குத்தான் நீர் உண்டென்றால், அதனைக் கதிர் பொதிகட்டும் பருவத்திற்கு ஒதுக்குவது நலம். இலைத்துளையின் கதவு திறந்திருக்க வேண்டிய வேளை அதுவேயாகும். அவ்வேளையில் கிடைக்கும் நீர் மணியாகிக் களத்துக்கு வந்து சேரும்.