முட்டையை உறைய வைக்கலாமா?
சந்தேகங்களும் விளக்கங்களும்

2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் அளவுக்கு நாட்டில் தட்டுப்பாடு வந்ததை நாம் மறக்கவில்லை. விலை இறங்கும்போது நிறைய வாங்கி உறைய வைத்துவிடலாமே என்று நானுஓயாவில் ஒரு குடும்பம் நினைப்பது நியாயம்தான். ஆனால், முறை தெரியாமல் வைத்தால் காசும் முட்டையும் சேர்ந்து வீணாகும்.

ஓட்டோடு பிரீசரில் வைக்கலாமா?

கூடாது. முட்டையில் முக்கால் பங்கு நீர். அது உறையும்போது விரிந்து ஓட்டை வெடிக்கச் செய்யும். அந்த வெடிப்பு வழியே கிருமி நுழையும். அப்படி வெடித்த முட்டையைச் சமைக்காமல் எறிந்துவிடுங்கள்.

சரியான முறை எது?

உடைத்து ஊற்றி, வெள்ளையும் மஞ்சளும் கலக்கும் வரை நுரைக்காமல் அடியுங்கள். இறுக மூடும் பாத்திரத்தில், மேலே சற்று இடம் விட்டு ஊற்றுங்கள். எத்தனை முட்டை, என்ன திகதி என்று எழுதி ஒட்டுங்கள். மைனஸ் 18 பாகை செல்சியஸில் ஒரு வருடம் வரை வைக்கலாம். ஒற்றைக் கதவு பிரிட்ஜின் சிறிய ஐஸ் பெட்டி பெரும்பாலும் அந்தக் குளிரை எட்டாது. அதில் வைத்தால் சில வாரங்களுக்குள் சமைத்துவிடுங்கள்.

தரம் குறையுமா?

வெள்ளைக்கருவில் பெரிய மாற்றம் வராது. லவ் கேக்குக்கு மஞ்சள் கருவை எடுத்தபின் மிஞ்சும் வெள்ளையை உறைய வைப்பதே இம்முறையின் நல்ல பயன். மஞ்சள் கருவோ மைனஸ் 6 பாகைக்குக் கீழே போனால் களிபோல் இறுகிவிடும். உருகிய பின்னும் பழைய நிலைக்குத் திரும்பாது. இதைக் குறைக்க, 4 மஞ்சள் கருவுக்கு ஒரு சிட்டிகை உப்போ ஒன்றரைத் தேக்கரண்டி சீனியோ கலந்து உறைய வையுங்கள். எதைச் சேர்த்தீர்கள் என்றும் குறித்து வைத்தால்தான் கறிக்கா கேக்குக்கா என்று பிறகு தெரியும். அவித்த முட்டை வேண்டாம். அதன் வெள்ளை ரப்பராகிவிடும்.

குளிரில் கிருமி செத்துவிடாதா?

சாகாது. சல்மொனெல்லா உறைநிலையிலும் பிழைத்திருக்கும். ஆகவே அடுப்படியில் வைத்து உருக்காதீர்கள். விடியற்காலையில் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் முதல் நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடலாம். உருகியதை மறுபடி உறைய வைக்காமல், நன்றாக வேக வைத்தே உண்ணுங்கள்.

மின்சாரம் நின்றால்?

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்டோம். பொருள் நிரம்பிய தனிப் பிரீசரைத் திறக்காமல் வைத்தால் 2 நாள் வரை குளிர் தாங்கும்; சிறிய ஐஸ் பெட்டி அவ்வளவு தாங்காது. முற்றாக உருகி, குளிரும் விட்டுப்போன முட்டைக் கலவையைச் சமைக்க வேண்டாம்.

நம் ஊர்க் குளிரே போதாதா?

நானுஓயா சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் வித்தியாசம் அதிகம். முட்டைக்குத் தேவை ஒரே சீரான குளிர். கழுவாமல், கூர்முனை கீழாக, பிரிட்ஜின் உள்தட்டில் வைத்தால் புது முட்டை 3 முதல் 5 வாரம் இருக்கும். ஐந்து பேர் உள்ள வீட்டில் 30 முட்டை அதற்குள் தீர்ந்துவிடும். எனவே, மிஞ்சியதை மட்டும் உறைய வையுங்கள். மற்றதைப் பிள்ளைகளின் தட்டில் வையுங்கள்.