மண்ணை நிறுத்துப் பார்க்கும் பொறியாளர்

பாலத்தின் மேல் ஏறும் இடத்தில் பேருந்து 'தடக்' என்று தூக்கிப் போடுவதைச் சில சாலைகளில் நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். ஓட்டுநரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பாலம் உறுதியான கடைக்காலின் மீது நிற்கிறது. அதற்குச் செல்லும் சாலையோ கொட்டி உயர்த்திய மண்மேட்டின் மீது கிடக்கிறது. மண் சரியாக இறுகாவிட்டால், நாளடைவில் மேடு அமிழ்ந்துவிடும், பாலம் அமிழாது. அந்த வேறுபாடுதான் உங்கள் முதுகில் இடிக்கிறது.

திண்டுக்கல் வழியாகக் கரூரையும் மதுரையையும் இணைக்கும் நெடுஞ்சாலை, ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. முன்பு இதன் எண் 7. இத்தகைய பெரிய சாலை வேலையில் கட்டுமானப் பொருள் பொறியாளர் என்று ஒருவர் இருப்பார். ஜல்லி, சிமெண்டு, தார் எல்லாவற்றையும் சோதிப்பது அவர் பொறுப்பு. நாம் இங்கே மண்ணை மட்டும் பார்ப்போம்.

மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மேடாக்குவதில்லை. சுமார் 20 சென்டிமீட்டர் கனமுள்ள அடுக்குகளாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளையை ஓட்டி இறுக்குகிறார்கள். தண்ணீர் எதற்கு? புட்டுக்கு மாவு பிசறுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஈரம் குறைந்தால் மாவு பிடிக்கு நிற்காது; கூடினால் களியாகிவிடும். மண்ணும் அப்படித்தான். அளவான ஈரம் மண் துகள்களை வழுக்கி நெருங்க விடுகிறது. ஈரம் மிகுந்தால், துகள்கள் சேர வேண்டிய இடத்தைத் தண்ணீரே பிடித்துக்கொள்கிறது. தண்ணீரை நசுக்கிச் சுருக்க உருளையால் முடியாது!

ஒவ்வொரு மண்ணுக்கும் இப்படி ஓர் உகந்த ஈரம் உண்டு என்பதை, மண் அணைகள் கட்டிய அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் புரோக்டர் 1933-இல் விளக்கி எழுதினார். இன்றும் ஆய்வுக்கூடத்தில் மண்ணை அச்சில் இட்டு, எடைக்கட்டியால் இடித்து, அந்த ஈரத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

நம் ஊர் மண்ணுக்கு உகந்த ஈரம் 10 சதவீதம், அப்போது கிடைக்கும் உலர் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.00 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மேட்டில் இதில் 95 சதவீதமாவது வர வேண்டும். ஆனால் சித்திரை வெயிலில் திண்டுக்கல் சமவெளியில் காலையில் தெளித்த தண்ணீர் உருளை வருமுன்னே ஆவியாகிவிடக் கூடும்.

பொறியாளர் இறுகிய அடுக்கில் ஒரு சிறு குழி தோண்டுகிறார். எடுத்த மண்ணை நிறுக்கிறார்: 2,400 கிராம். குழியின் கன அளவு? கோணல்மாணலான குழியை அளவுகோலால் அளக்க முடியாதே! சலித்த உலர்ந்த மணலைக் குழியில் நிரப்புகிறார். 1,800 கிராம் பிடிக்கிறது. அந்த மணல் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம். ஆகவே குழி 1,200 கன சென்டிமீட்டர். ஈர மண்ணின் அடர்த்தி 2.0.

அடுத்து ஈரம். சிறிது மண்ணைக் கால்சியம் கார்பைடுடன் மூடிய குப்பியில் குலுக்குகிறார். ஈரத்துடன் கார்பைடு சேர்ந்து அசெட்டிலீன் வாயு உண்டாகிறது. (மாங்காயைப் பழுக்க வைக்கச் சிலர் சட்டத்தை மீறிப் பயன்படுத்தும் அதே கார்பைடுதான்!) வாயுவின் அழுத்தத்திலிருந்து ஈரம் 8 சதவீதம் என்று தெரிகிறது. 2.0-ஐ 1.08-ஆல் வகுத்தால் 1.85. அதாவது 92.5 சதவீதம். போதாது.

இங்கேதான் அவர் வேலையின் கடினம். அடுத்த அடுக்குக்கான மண்ணுடன் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. "கல்லு மாதிரி இருக்கே சார்!" என்கிறார் மேஸ்திரி. கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் மேலே அடுத்த அடுக்கு விழுந்துவிட்டால், இந்தக் குறையை எவரும் பார்க்கப் போவதில்லை, பல மழைக்காலம் கழித்துப் பேருந்து குதிக்கும் வரையில். பொறியாளர் 'கூடாது' என்று எழுதிக் கையெழுத்திடுகிறார்.

அடுக்கைக் கிளறி, தண்ணீர் சேர்த்து, மறுபடி உருளை ஓட்டுகிறார்கள். அவர் வேறோர் இடத்தில் புதுக் குழி தோண்டுகிறார். பழைய குழியையும் மண்ணிட்டு இடித்து மூடியாக வேண்டும். அதுவும் சாலைக்கு அடியில்தானே இருக்கப் போகிறது!