திருட்டுப் பிரதி – நஷ்டம் யாருக்கு?

"அட, ஒரு பி.டி.எஃப். அனுப்பினா என்ன குறைஞ்சு போச்சு? எப்படியும் நான் காசு குடுத்து வாங்கப் போறதில்லையே!" நாவல் படிக்கும் பெண்கள் கூடுகிற இடத்தில் இந்தப் பேச்சு காதில் விழாமல் போகாது. கேட்கிறதுக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. உண்மையில் எழுதியவருக்கு நஷ்டம் உண்டா, இல்லையா?

அமெரிக்காவில் மேகி ஸ்டீவ்வாட்டர் என்றொரு எழுத்தாளர். அவருடைய நான்கு பாகக் கதையில் மூன்றாம் பாகம் 2014-ல் வந்தபோது, மின்புத்தக விற்பனை சரிந்தது. போகப் போக வாசகர் குறைவது சகஜம்தானே என்று நினைத்தது பதிப்பகம். கடைசிப் பாகத்தைப் பாதிக்கும் குறைவாக அச்சிடத் தீர்மானித்தது. ஆனால் அவருடைய புத்தகத்தைப் பலர் இணையத்தில் கள்ளத்தனமாகக் கைமாற்றிக் கொண்டிருந்தது அவருக்குத் தெரியும்.

2016-ல் கடைசிப் பாகம் வெளிவந்ததும், அவரும் சகோதரரும் ஒரு யுக்தி செய்தார்கள். முதல் நான்கு அத்தியாயங்களையே திரும்பத் திரும்பப் போட்டு, முழுப் புத்தகம் மாதிரி ஒரு போலிப் பிரதியை உலவ விட்டார்கள். ஓசியில் படிக்க வந்தவர்களுக்கு ஏமாற்றம். காத்திருக்கப் பொறுமையில்லாமல் பலர் காசு கொடுத்து வாங்கினார்கள். இரண்டே நாளில் முதல் அச்சு தீர்ந்து விட்டதாம்! 2017-ல் அவரே இதை எழுதினார்.

அதற்காக ஒவ்வொரு திருட்டுப் பிரதியும் ஒரு விற்பனை நஷ்டம் என்று கணக்குப் போட முடியாது. ஐரோப்பிய கமிஷனுக்காக நடத்தப்பட்டு 2017-ல் வெளியே வந்த ஓர் ஆய்வு, இதனால் புத்தக விற்பனை குறைகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் காணவில்லை. கள்ளப் பிரதி பரவிய பிறகுதான் ருஷ்யாவில் தம் விற்பனை ஏறியது என்று பிரேசில் எழுத்தாளர் பாலோ கோயலோ 2008-ல் சொன்னார்.

ஆக, பெயரே தெரியாத ஊரில் கள்ளப் பிரதி விளம்பரமாகலாம். வாசகர்கள் வழி மேல் விழி வைத்துக் காத்திருக்கும் புதுப் புத்தகத்துக்கோ, அது அடிமடியில் கை வைக்கிற காரியம்.

காசில்லாமல் படிக்க நேர் வழிகள் இல்லையா, என்ன? நூலகம் இருக்கிறது. கல்கியைப் போல நாட்டுடைமையான எழுத்தாளர்களின் படைப்புகளை இணையத்தில் தாராளமாக இறக்கிப் படிக்கலாம். இன்று எழுதுகிறவரின் புதுப் புத்தகம் கைபேசிக்கு வந்தால் மட்டும், அடுத்தவருக்குத் தள்ளி விடாதீர்கள், சகோதரிகளே. அவருடைய அடுத்த புத்தகம் அச்சேற வேண்டாமா?